நெல்லிக்காயா, மாத்திரையா? வைட்டமின் சி பற்றி இதெல்லாம் தெரியுமா?

வேலியோரம் படுத்து அசைபோட்டுக்கொண்டிருக்கும் ஆட்டுக்குத் தெரிந்த ஒரு வித்தை நமக்குத் தெரியாது, தெரியுமா? அதன் ஈரல் ரத்தத்தில் ஓடும் குளுக்கோஸை எடுத்து, தனக்கு வேண்டிய வைட்டமின் சியைத் தானே செய்துகொள்கிறது. அதுவும் கொஞ்ச நஞ்சமல்ல, நாள்தோறும் கிராம் கணக்கில்! மாடு செய்கிறது, நாய் செய்கிறது, பூனை செய்கிறது, வீட்டு மூலையில் ஓடும் எலிகூடச் செய்கிறது. நம்மால்தான் முடியாது. அதனால்தான் கொய்யாவையும் நெல்லியையும் தேடிப் போகிறோம், மருந்துக் கடையில் ஆரஞ்சு நிற மாத்திரைக்குக் கை நீட்டுகிறோம். இந்த இரண்டில் எது உசத்தி? வாருங்கள், ஆச்சரியம் ஆச்சரியமாகப் பார்ப்போம்!

நம் உடம்பில் ஒரு பழுதான மரபணு இருக்கிறது, தெரியுமா?

குளுக்கோஸை வைட்டமின் சியாக மாற்ற ஈரலில் பல படிகள் உண்டு. கடைசிப் படியில் வேலை செய்யும் நொதி ஒன்று நமக்கு இல்லை. அதற்கான மரபணு நம் ஒவ்வொருவர் உடம்பிலும் இன்னும் இருக்கிறது, ஆனால் பழுதாகிக் கிடக்கிறது! பல கோடி ஆண்டுகளுக்கு முன் நம் குரங்கின மூதாதையர் காலத்திலேயே நடந்த பழுது இது. அவர்கள் பழமும் தழையுமாகத் தின்று வாழ்ந்ததால் குறையே தெரியவில்லை, வம்சம் தழைத்தது. இந்தக் குறையில் நமக்குக் கூட்டாளிகளும் உண்டு: குரங்குகள், பல வகை வௌவால்கள், கினிப் பன்றி. அவ்வளவு ஏன், வாசல் செடியில் வந்து உட்காரும் கொண்டைக்குருவிக்கும் இந்த வித்தை தெரியாது!

ஒரு கினிப் பன்றிதான் மர்மத்தை உடைத்தது, தெரியுமா?

வைட்டமின் சி இல்லாமல் போனால் வருவது ஸ்கர்வி. ஈறு வீங்கும், ரத்தம் கசியும், பல் ஆடும், பழைய காயம் மறுபடி திறந்துகொள்ளும், கடைசியில் உயிரே போகும். இதை ஒரு விலங்கிடம் வரவழைத்துப் பார்க்காமல் காரணத்தைப் பிடிக்க முடியவில்லை. 1907-ல் நார்வே நாட்டு ஆராய்ச்சியாளர்கள் ஆக்ஸல் ஹோல்ஸ்ட், தியோடர் ஃப்ரோலிச் இருவரும் வேறொரு நோயை ஆராய்வதற்காகக் கினிப் பன்றிகளுக்கு வெறும் தானியம் கொடுத்து வளர்த்தார்கள். வந்ததோ ஸ்கர்வி! அவர்கள் எலியைத் தேர்ந்தெடுத்திருந்தால் எத்தனை மாதம் தானியம் போட்டாலும் அது வந்திருக்காது. எலிதான் தானே செய்துகொள்கிறதே!

கோழிக்கோட்டிலிருந்து திரும்பிய கப்பல்களில் நடந்தது தெரியுமா?

1498-ல் வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டுக்கு வந்த கதை நமக்குப் பாடம். திரும்பிப் போன கதை? காற்று எதிராக அடிக்க, அரபிக் கடலைத் தாண்டவே ஏறக்குறைய 3 மாதம் ஆயிற்று. அந்தக் கடப்பில் மட்டும் 30 பேர் ஈறு வீங்கிச் செத்தார்கள். கப்பலைச் செலுத்த ஆள் போதாத நிலை. ஆப்பிரிக்கக் கரையில் மலிந்தி துறைமுகத்தைப் பிடித்ததும் அவர்கள் கேட்டது என்ன தெரியுமா? ஆரஞ்சுப் பழம்! வரும் வழியில் அந்தப் பழம் தின்று தேறியதை அவர்கள் மறக்கவில்லை. ஆனால் பலருக்கு அது காலம் கடந்த உதவியாகிவிட்டது.

12 மாலுமிகள், 6 மருந்துகள், ஒரே வெற்றி! தெரியுமா?

1747 மே மாதம். பிரிட்டிஷ் போர்க்கப்பல் ‘ஸாலிஸ்பரி’. மருத்துவர் ஜேம்ஸ் லிண்ட், ஸ்கர்வி கண்ட 12 பேரை இரண்டிரண்டு பேராகப் பிரித்தார். எல்லோருக்கும் ஒரே சாப்பாடு, மருந்து மட்டும் ஜோடிக்கொன்று. ஒரு ஜோடிக்கு ஆப்பிள் மது, ஒரு ஜோடிக்குக் காடி, ஒரு ஜோடிக்குக் கடல்நீர், இன்னொரு ஜோடிக்குப் பூண்டும் கடுகும் சேர்த்தரைத்த விழுது, வேறொரு ஜோடிக்கு நீர்த்த கந்தக அமிலம்! கடைசி ஜோடிக்குத் தினம் 2 ஆரஞ்சும் ஓர் எலுமிச்சையும். ஆறே நாளில் கப்பலில் பழம் தீர்ந்துபோனது. ஆனால் அதற்குள் அந்த இருவரில் ஒருவர் வேலைக்குத் திரும்பிவிட்டார். மற்றவர் மீதி நோயாளிகளைக் கவனிக்கும் அளவுக்குத் தேறிவிட்டார்!

அப்புறம் நடந்ததுதான் வயிற்றெரிச்சல். பழச்சாறு கெடாமல் இருக்க, அதை மணிக்கணக்கில் சூடாக்கிச் சுண்டவைத்துப் பாகாக எடுத்துச் செல்லும்படி லிண்டே எழுதினார். சூட்டில் வைட்டமின் சி அழிந்துபோகும் என்று அன்று யாருக்கும் தெரியாது. கப்பற்படை எலுமிச்சைச் சாற்றை முறையாக வழங்கத் தொடங்கியது 1795-ல்தான். கண்ணெதிரே விடை இருந்தும் 48 ஆண்டுகள்!

பருப்பு இருந்தும் நம் சிப்பாய்களுக்கு ஸ்கர்வி வந்தது, தெரியுமா?

முதல் உலகப் போரில், 1915 டிசம்பர் முதல் 1916 ஏப்ரல் வரை, இன்றைய இராக்கில் உள்ள கூட் நகரில் பிரிட்டிஷ் இந்தியப் படை முற்றுகையில் சிக்கியது. வெள்ளை மாவு ரொட்டி தின்ற ஆங்கிலச் சிப்பாய்களுக்குப் பெரிபெரி என்ற இன்னொரு சத்துக்குறை நோய் வந்தது. ஆட்டாவும் பருப்பும் தின்ற இந்தியச் சிப்பாய்களுக்கு அது வரவில்லை, ஸ்கர்வி வந்தது! குதிரை இறைச்சி தின்ற ஆங்கிலேயருக்கு அதிலிருந்த சிறிதளவு வைட்டமின் சி காவலாக நின்றது. நம் சிப்பாய்கள் வெகுநாள் அதைத் தொடவில்லை.

காய்ந்த பருப்பில் வைட்டமின் சி கிட்டத்தட்ட இல்லை. ஆனால் அதே பயறை ஊறவைத்து முளைகட்டினால்? பிறக்கிறது! லண்டன் லிஸ்டர் நிலையத்தில் ஹாரியட் சிக், மரியன் டெல்ஃப் என்ற இரண்டு பெண் விஞ்ஞானிகள் இதை 1919-ல் சோதித்துக் காட்டினார்கள். தண்ணீரும் துணியும் இருந்தால் போதும், எந்தப் பாசறையிலும் ஸ்கர்விக்கு மருந்து முளைக்கும்!

மிளகாய் ஒரு நோபல் பரிசைத் தேடித்தந்தது, தெரியுமா?

ஹங்கேரி விஞ்ஞானி ஆல்பர்ட் சென்ட்-ஜியார்ஜி 1928-ல் கேம்பிரிட்ஜில் மாட்டின் அட்ரீனல் சுரப்பியிலிருந்து ஒரு வெள்ளைப் பொருளைப் பிரித்தார். அதுதான் வைட்டமின் சி என்று உறுதிப்படுத்த நிறைய வேண்டும். எத்தனை மாடுகளின் சுரப்பியைத் தேடுவது? பின்னர் அவர் வேலை பார்த்த செகெட் நகரமோ பாப்ரிகா மிளகாய்க்குப் பேர்போன ஊர். ஒரு நாள் இரவுச் சாப்பாட்டில் மனைவி பாப்ரிகா வைத்தார். தின்ன மனமில்லாமல் அதை ஆய்வுக்கூடத்துக்கு எடுத்துப்போய்ச் சோதித்தார். நள்ளிரவுக்குள் தெரிந்துவிட்டது, தேடிய புதையல் தட்டிலேயே இருந்தது! கிராம் கணக்கில் திண்டாடியவருக்குக் கிலோ கணக்கில் கிடைத்தது. 1937-ல் மருத்துவ நோபல் அவருக்கு. அதே ஆண்டு வேதியியல் நோபலில் பாதி, இந்த மூலக்கூறின் அமைப்பைக் கண்டு செயற்கையாகவும் செய்துகாட்டிய பர்மிங்காம் பேராசிரியர் நார்மன் ஹாவர்த்துக்கு!

மாத்திரை பிறந்தது ஒரு பழ ஈயின் காலில், தெரியுமா?

1933. சூரிச் நகரில் டாடியஸ் ரைக்‌ஷ்டைன் வைட்டமின் சியைப் பெருமளவில் செய்ய வழி தேடிக்கொண்டிருந்தார். குளுக்கோஸிலிருந்து சார்பிட்டால் செய்துவிடலாம். அதை சார்போஸாக மாற்றுவதுதான் இடைஞ்சல். அதற்கு ஒரு குறிப்பிட்ட பாக்டீரியா வேண்டும். சில கண்ணாடிக் குவளைகளில் சார்பிட்டால் கரைசலை ஊற்றி, ஈஸ்ட் சாறும் துளி வினிகரும் சேர்த்து, ஜன்னலுக்கு வெளியே வைத்துவிட்டு விடுமுறைக்குப் போனார். நல்ல வெயில். வந்து பார்த்தால் குவளைகள் வற்றிக் கிடந்தன. ஒன்றில் ஒரு பழ ஈ விழுந்து செத்திருந்தது. அதன் காலிலிருந்து பளபளவென்று படிகங்கள் நீட்டிக்கொண்டிருந்தன. சுத்தமான சார்போஸ்! அந்தப் பாக்டீரியாவை ஈயே சுமந்து வந்திருந்தது.

இந்த வழியை ஹாஃப்மன்-லா ரோஷ் நிறுவனம் வாங்கி, 1934-ல் ‘ரெடாக்ஸான்’ என்று விற்பனைக்குக் கொண்டுவந்தது. தொழிற்சாலையில் பேரளவில் செய்யப்பட்ட முதல் வைட்டமின் இதுதான். இன்று உலகுக்கு வேண்டியதில் பெரும்பகுதி சீனாவில் தயாராகிறது. மூலப்பொருள் பெரும்பாலும் மக்காச்சோள மாவிலிருந்து வரும் குளுக்கோஸ், வேலை செய்வது பாக்டீரியா. யோசித்துப் பாருங்கள், ஆட்டின் ஈரலும் சரி, அத்தனை பெரிய தொழிற்சாலையும் சரி, தொடங்குவது அதே குளுக்கோஸில்!

இரண்டும் ஒரே மூலக்கூறுதான், தெரியுமா?

இதுதான் பலரை அதிர வைக்கும் உண்மை. கொய்யாவில் இருப்பதும் மாத்திரையில் இருப்பதும் 6 கார்பன், 8 ஹைட்ரஜன், 6 ஆக்சிஜன் அணுக்கள் ஒரே விதமாகக் கோத்த அதே அஸ்கார்பிக் அமிலம். எது மரத்தில் விளைந்தது, எது ஆலையில் வந்தது என்று உடம்பு பிரித்துப் பார்ப்பதில்லை. நியூஸிலாந்து ஒடாகோ பல்கலைக்கழகத்தில் இளைஞர்களில் ஒரு பிரிவினருக்குக் கிவிப் பழம் வழியாகவும், மற்றவர்களுக்கு மாத்திரை வழியாகவும் தினம் 50 மில்லிகிராம் கொடுத்தார்கள். 2013-ல் வெளியான முடிவு: உடம்பு ஏற்றுக்கொண்டதில் வித்தியாசமே இல்லை!

அப்படியானால் பழத்துக்கு என்ன மவுசு? பழம் தனியாக வருவதில்லை, அதுதான் விஷயம். கொய்யாவைக் கடித்தால் நார்ச்சத்து, பொட்டாசியம், ஃபோலேட், நூற்றுக்கணக்கான தாவரச் சத்துகள் கூடவே வருகின்றன. மாத்திரையில் வருவது ஒன்றே ஒன்று. ‘இயற்கை வைட்டமின் சி’ என்று அட்டையில் அச்சடித்து அதிக விலைக்கு விற்கும் டப்பாவில் அந்த மூலக்கூறுக்காக நீங்கள் கூடுதலாகக் கொடுக்கும் காசு வீண். அதே காசுக்குப் பழமே வாங்கலாம்!

1000 மில்லிகிராம் விழுங்கினால் பாதிக்கு மேல் வீண், தெரியுமா?

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் 2020 பரிந்துரைப்படி ஒரு நாளைக்கு ஆணுக்கு 80, பெண்ணுக்கு 65 மில்லிகிராம் போதும். பாலூட்டும் தாய்க்கு 115. சாதாரண அளவில் சாப்பிடும்போது 70 முதல் 90 சதவீதம் வரை குடல் உறிஞ்சிக்கொள்கிறது. ஒரேயடியாக 1 கிராமுக்கு மேல் போனால் பாதிகூட உள்ளே போவதில்லை. போனதிலும் மிஞ்சியதைச் சிறுநீரகம் வெளியே தள்ளிவிடுகிறது. நிறைந்த குடத்தில் ஊற்றும் தண்ணீர் வழிந்துதானே ஓடும்!

வழிந்து ஓடினால் பரவாயில்லை என்றும் இருக்க முடியாது. ஒரு பகுதி ஆக்ஸலேட்டாக மாறுகிறது, சிறுநீரகக் கல்லின் மூலப்பொருள் அது. ஸ்வீடனில் ஆண்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 2013-ல் வெளியிட்ட ஆய்வில், வைட்டமின் சி மாத்திரை எடுத்தவர்களிடம் கல் வரும் வாய்ப்பு சுமார் இரண்டு மடங்காக இருந்தது. கொய்யா தின்று இந்த அளவை எட்ட நினைத்தால் வயிறு முதலில் ‘போதும்’ என்றுவிடும்!

ஆரஞ்சு இந்தப் போட்டியில் பின்வரிசை, தெரியுமா?

ஆரஞ்சில் 100 கிராமுக்குச் சுமார் 50 மில்லிகிராம். எலுமிச்சைச் சாற்றிலும் ஏறத்தாழ அவ்வளவுதான். இப்போது நம் ஊர்ச் சரக்கைப் பாருங்கள்!

கொய்யா: 200-க்கு மேல். ஒரு நடுத்தரப் பழம் தின்றால் நாளைய பங்கும் சேர்ந்து வந்துவிடும்.

பெருநெல்லி: 250. பழைய அட்டவணைகளில் 600 என்றுகூட உண்டு, ரகத்துக்கும் அளக்கும் முறைக்கும் தக்கபடி மாறும்.

முருங்கைக்கீரை: பறித்த புதிதில் 100-க்கு மேல். அகத்திக்கீரை சுமார் 120.

முந்திரிப்பழம்: ஆரஞ்சைப் போல மூன்று நான்கு மடங்கு! பண்ருட்டிப் பக்கம் கொட்டையைத் திருகி எடுத்துக்கொண்டு பழத்தை மரத்தடியிலேயே போட்டுவிட்டுப் போகிறார்கள். நெஞ்சு பதறுகிறது!

உலகச் சாம்பியன் ஆஸ்திரேலியாவின் வடக்கில் விளையும் கக்காடு பிளம். 100 கிராமில் இரண்டு மூன்று கிராம்கூட உண்டு. பழமே விளையாத பனிநாட்டில்? இனூயிட் மக்கள் திமிங்கலத் தோலைப் பச்சையாகத் தின்கிறார்கள். அதில் ஆரஞ்சுக்குச் சற்றே குறைந்த அளவு வைட்டமின் சி இருக்கிறது!

குன்னூரில் ஓர் ஒற்றை அறையில் தொடங்கிய கதை தெரியுமா?

நம் உணவில் எதில் எவ்வளவு சத்து என்று இந்தியாவுக்கே அளந்து சொல்லும் ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் பிறந்தது நீலகிரியில்! 1918-ல் குன்னூர் பாஸ்டர் நிலையத்தின் ஓர் அறையில் ராபர்ட் மெக்கரிஸன் பெரிபெரி ஆராய்ச்சியாக அதைத் தொடங்கினார். 1958 வரை அது குன்னூரில்தான் இருந்தது. அது குன்னூரில் இருந்த அந்தக் காலத்தில்தான், 1939-40-ல், வட இந்தியாவின் ஹிஸார் பகுதிப் பஞ்சத்தில் ஸ்கர்வி பரவியது. அப்போது கைகொடுத்தது எது தெரியுமா? நெல்லிக்காய்ப் பொடி!

அடுப்பும் செம்புப் பாத்திரமும் எதிரிகள், தெரியுமா?

வைட்டமின் சி தண்ணீரில் கரையும், சூட்டில் அழியும், காற்றுப் பட்டால் குறையும். செம்பு பட்டால் இன்னும் வேகமாகப் போகும். கீரையை நறுக்கிவிட்டு அலசினால் தண்ணீரோடு ஒரு பங்கு போகும். நிறையத் தண்ணீரில் வேகவைத்து வடித்துக் கொட்டினால் பாதிக்கு மேல்கூடப் போய்விடும்.

நம் அடுக்களையில் ஒரு கைப்பழக்கம் இருக்கிறது, கவனித்திருக்கிறீர்களா? எலுமிச்சை ரசத்துக்குத் தக்காளியும் பருப்புத் தண்ணீரும் நுரைகட்டி வந்ததும் அடுப்பை அணைப்பார்கள். ஆவி கொஞ்சம் அடங்கிய பிறகுதான் பழத்தைப் பிழிவார்கள். கொதிக்கும்போது பிழிந்தால் கசக்கும் என்று பாட்டிமார் சொல்வார்கள். சுவைக்காகச் செய்த அந்த வேலை வைட்டமினையும் சேர்த்துக் காப்பாற்றியிருக்கிறது! கீரையை முழுதாக அலசி அப்புறம் நறுக்குங்கள், தண்ணீர் தெளித்து மூடிப்போட்டுச் சட்டென்று இறக்குங்கள். கொத்தமல்லித் தழையைக் கடைசியில் தூவுங்கள்.

இரண்டு பள்ளிச் சிறுமிகள் ஒரு பெரிய நிறுவனத்தையே மடக்கினார்கள், தெரியுமா?

2004-ல் நியூஸிலாந்தில் 14 வயதுச் சிறுமிகள் இருவர் பள்ளி அறிவியல் திட்டத்துக்காகப் பழரசங்களின் வைட்டமின் சியை அளந்தார்கள். கருந்திராட்சை ரசத்துக்குப் பேர்போன ‘ரிபீனா’வின் குடிக்கத் தயார் பொட்டலத்தில் அந்தச் சத்து ஏறக்குறைய இல்லவே இல்லை! விவகாரம் நீதிமன்றம் போனது. தயாரித்த கிளாக்ஸோ ஸ்மித்கிளைன் நிறுவனம் குற்றத்தை ஒப்புக்கொண்டது, 2007-ல் 2,17,500 நியூஸிலாந்து டாலர் அபராதம். பழத்தின் படம் அட்டையில் இருந்தால் பழத்தின் சத்து உள்ளே இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. புரட்டி எழுத்தைப் படியுங்கள்! ‘ஐஎன்எஸ் 300’ என்று போட்டிருந்தால் அது ஆலையில் செய்த அஸ்கார்பிக் அமிலம், பொருள் கெடாமலும் நிறம் மாறாமலும் இருக்கச் சேர்ப்பது.

கீரையின் இரும்பைத் திறந்துவிடும் சாவி இதுதான், தெரியுமா?

கீரை, கேழ்வரகு, பயறு ஆகியவற்றின் இரும்புச்சத்தை உடம்பு அவ்வளவு சுலபமாக எடுத்துக்கொள்வதில்லை. அதே வேளை உணவில் வைட்டமின் சி இருந்தால் அது இரும்பைக் குடல் ஏற்கும் வடிவத்துக்கு மாற்றிக் கொடுக்கிறது. தேசியக் குடும்ப நல ஆய்வின்படி (2019-21) இந்தியாவில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. இத்தனை பேர் வீட்டுத் தட்டிலும் ஒரு கீற்று எலுமிச்சையோ நாலு துண்டு கொய்யாவோ இருக்க வேண்டாமா? சாப்பிட்ட கையோடு காபி, டீ குடிப்பதோ நேர் எதிராக வேலை செய்கிறது, இரும்பைத் தடுக்கிறது. ஒரு மணி நேரம் தள்ளிக் குடியுங்கள்.

சளியை இது தடுக்காது, தெரியுமா?

வேதியியலுக்கும் சமாதானத்துக்குமாக இரண்டு நோபல் வாங்கிய லைனஸ் பாலிங், 1970-ல் வைட்டமின் சியும் சளியும் பற்றி எழுதிய புத்தகம்தான் பெரிய அளவில் மாத்திரை விழுங்கும் மோகத்தைக் கிளப்பியது. பல ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்த காக்ரேன் மதிப்பீடு வேறு சொல்கிறது. தினம் எடுத்தாலும் பொதுவாக மக்களுக்குச் சளி வருவது குறையவில்லை. வந்த சளி நீடிக்கும் காலம் பெரியவர்களுக்கு 8, குழந்தைகளுக்கு 14 சதவீதம் குறைந்தது. சளி பிடித்த பிறகு தொடங்கினால் நிச்சயமான பலன் தெரியவில்லை. மாரத்தான் ஓடுகிறவர்கள், கடுங்குளிரில் பயிற்சி செய்யும் சிப்பாய்கள் போன்றோருக்கு மட்டும் சளி வரும் வாய்ப்பே பாதியானது!

காயம் ஆறாமல் நின்ற ஒரு முதுகு, தெரியுமா?

1939-ல் பாஸ்டனின் இளம் அறுவைசிகிச்சை மருத்துவர் ஜான் கிராண்டன் பழமோ காய்கறியோ தொடாமல் ஆறு மாதம் இருந்தார், தன்னையே சோதனைக்குக் கொடுத்து! மூன்றாம் மாதம் அவர் முதுகில் கீறிய காயம் ஒழுங்காக ஆறியது. ஆறாம் மாதம் கீறியது மேல்தோலோடு சரி, அடியில் சதை கூடவே இல்லை! வைட்டமின் சி ஊசி போட்டார்கள், பத்தே நாளில் கூடியது. சதை, தோல், எலும்பு, ரத்தக்குழாய் எல்லாவற்றையும் இழுத்துக் கட்டும் கொலாஜன் உருப்பட இந்தச் சத்து வேண்டும் என்பதற்கு அந்த முதுகே சாட்சி.

அந்த ஊசியில் இருந்ததும் வெறும் அஸ்கார்பிக் அமிலம்தான். அதனால் மாத்திரையை ஒதுக்கித் தள்ளவும் வேண்டாம். பல் இல்லாமல் கஞ்சியிலேயே காலம் தள்ளும் முதியவர், மது நோயில் சாப்பாட்டையே விட்டவர், டயாலிசிஸ் செய்துகொள்பவர், உணவு உள்ளே தங்காத நோயாளி, இவர்களுக்கு மருத்துவர் எழுதிக் கொடுக்கும் மாத்திரை வரம். புகைபிடிப்பவருக்கு மற்றவரைவிடத் தினம் 35 மில்லிகிராம் கூடுதலாக வேண்டும் என்கிறது அமெரிக்கப் பரிந்துரை. கல் வந்தவர்களும், உடம்பில் இரும்பு மிகும் நோய் உள்ளவர்களும் பெரிய அளவு மாத்திரையைத் தாங்களாகத் தொடவே கூடாது.

மற்ற எல்லோருக்கும்? சந்தையில் மஞ்சள் பூத்த கொய்யா கூடை கூடையாக இருக்கிறது. பக்கத்து வீட்டு முருங்கை தழைத்துக் கிடக்கிறது. கார்த்திகை, மார்கழியில் நெல்லிக்காய் மலிகிறது. தினம் ஒரு கொய்யாவோ ஒரு நெல்லிக்காயோ பச்சையாகக் கடியுங்கள், வாரம் இரண்டு நாள் கீரை வையுங்கள், பிள்ளைகளின் டிபன் டப்பாவில் பிஸ்கட் இருக்கும் இடத்தில் பழத்துண்டு வையுங்கள். நாள் கணக்குக்கு வேண்டிய 80 மில்லிகிராமும், மாத்திரையால் தர முடியாத மற்ற சத்துகளும் ஒன்றாகவே வந்து சேரும். தெரிந்துகொண்டீர்களா? நாலு பேருக்குச் சொல்லுங்கள்!